பிரேக் மாஸ்டர் வளர்த்த நாய்க்குட்டி

என் அப்பா ஒரு நாய்க்குட்டியைக் கொஞ்சுவார் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்று சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை. காலை ஆறு மணிக்குப் பின்வாசலில் இருந்து அந்தக் குரல் கேட்கும். "என் தங்கம்ல. கெட்டிக்காரன்ல. வெளியதான் போகணும்னு எவ்வளவு கரெக்டா தெரிஞ்சு வச்சிருக்கான்." விஷயம் என்னவென்றால், குட்டி மண்ணில் ஒண்ணுக்குப் போயிருக்கிறது. அவ்வளவுதான். அதற்குத்தான் இந்தப் பாராட்டுப் பத்திரம். எனக்கு வயிறு எரியும். நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு ஒரு நாய்க்குட்டி மேல் பொறாமையா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஆமாம், பொறாமைதான்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் என் கோபம் புரியும். முப்பத்தேழு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எங்கள் பக்கத்துப் பல் டாக்டர், முடிவெட்டுகிறவர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை எல்லாரும் அவரிடம் திட்டு வாங்கி லைசென்ஸ் எடுத்தவர்கள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மற்றவர்கள் அதை ஆபத்துக்கு மிதிப்பார்கள். அப்பா தொட்டதற்கெல்லாம் மிதிப்பார். எதிரே ஒரு காகிதம் பறந்தால் மிதிப்பார். மாணவன் கொஞ்சம் உற்சாகமாக ஓட்டினால் அதற்காகவே மிதிப்பார். அதனால் அவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்றே பெயர். செருப்புத் தைக்கிறவரிடம் எப்போதும் வலது ஷூவை மட்டும்தான் கொண்டுபோவார். இடதுகால் ஷூ வாங்கின மேனிக்கு அப்படியே இருக்கும்.

கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் வேறு. கியர் தப்பாகப் போட்டால் விரல் முட்டியில் ஒன்று விழும். ஒவ்வொரு மாணவனுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார். 'கிளட்ச் மோசம்', 'கண்ணாடி பார்ப்பதே இல்லை', 'அவசரக் குடுக்கை' என்று எழுதுவார். நன்றாக ஓட்டுகிறான் என்று யாருடைய பக்கத்திலும் எழுதியதில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடுமாம். தன்னிடம் கற்றவன் எவனும் இன்றுவரை யார் மேலும் வண்டியை ஏற்றியதில்லை என்று மார்தட்டிக்கொள்வார். அது பொய்யில்லை என்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதும் இல்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் அவரே கற்றுக்கொடுத்தார். பதினோரு நாள். பெற்ற பெண் என்று ஒரு ஸ்கேல் அடிகூடக் குறையவில்லை. பதினோராம் நாள், சினிமா தியேட்டர் பக்கத்து நாற்சந்தியில் பாதி தூரம் போயிருந்தேன். திடீரென்று பிரேக்கை மிதித்தார். கார் நடுச் சந்தியில் குலுங்கி நின்றது. நாலு பக்கமும் ஹாரன். பின்னால் வந்தவன் தலையை வெளியே நீட்டிச் சிரித்தான். அப்பா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இறங்கு. உனக்கு வண்டி வராது" என்றார். அத்தனை பேர் பார்க்க இறங்கினேன். அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எனக்கு வண்டி வராது என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி மெஷினில் தேய்த்து எடுக்கிற வேலை. ஜன்னல் இல்லாத பின்னறையில் பதினேழு வருஷமாகிறது. என் கணவருக்குக் கப்பலில் வேலை. பத்து மாதத்துக்கு ஒருமுறை வருவார். மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள். அம்மா போன பிறகு நான் அப்பா வீட்டோடு வந்துவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கடை முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். எங்கள் கடைக்கு நாலு கிளை. தயாரான கண்ணாடிகளை வேனில் எடுத்துக்கொண்டு நாலு இடத்துக்கும் போய், சரியாக உட்காராததை அங்கேயே சரிசெய்து கொடுக்கிறவர் வேலையை விடுகிறார். அந்த இடத்துக்கு வருகிறவர்தான் நாலு கிளைப் பட்டறைக்கும் பொறுப்பு. "உன்னை விட்டா இந்த வேலை தெரிஞ்சவங்க இல்ல. ஆனா லைசென்ஸ் வேணும். அடுத்த மாசக் கடைசிக்குள்ள எடுத்துடுவியா?" என்று கேட்டார். எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பின்னறையை விட்டு வெளியே வர வேண்டும் என்கிற வெறி, அவ்வளவுதான். அப்பாவிடம் மூச்சுவிடாமல், ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற வேறொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

நாய்க்குட்டி வந்ததும் அந்தச் சமயத்தில்தான். தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாய் இருந்தால் அதை வெளியே கூட்டிக்கொண்டு போயே ஆகவேண்டுமே என்று, கூட வேலை செய்கிறவள் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைத் தூக்கிவந்தேன். ஐம்பது நாள் குட்டி. ஹால் நடுவில் விட்டதும் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அப்பா பார்த்துவிட்டு, 'நியூட்ரல்' என்று பெயர் வைத்துவிட்டார்.

முதல் இரண்டு நாள் அவர் பாணியில்தான் பாடம் நடந்தது. குட்டி ஹாலில் ஈரம் பண்ணியதும் மேஜை டிராயரில் இருந்து அந்த ஸ்கேலை எடுத்தார். குட்டி பயந்து நின்ற இடத்திலேயே மறுபடியும் போனது. சரி, இவர்கள் இரண்டு பேரும் சரியான ஜோடிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண் குட்டியைப் பழக்க வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். அப்பா அவளுக்கு வைத்த பெயர் 'நாய் டீச்சர்'. அவள் முதல் வேலையாக அப்பா கையில் இருந்த ஸ்கேலை வாங்கி என்னிடம் கொடுத்து, கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொன்னாள். அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோக வேண்டும். சரியான இடத்தில் போனால் அந்த நொடியே அன்பாக நாலு வார்த்தை, ஒரு துண்டு பிஸ்கட். தப்பான இடத்தில் போனால் வாயைத் திறக்காமல் துடைத்துவிட வேண்டும். இவ்வளவையும் அவள் அப்பாவிடம் நேராகச் சொன்னாள். போச்சு, இந்தப் பொண்ணு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

அப்பா தலையாட்டினார். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எனக்கு மயக்கம் வராத குறை.

அன்றிலிருந்து மனுஷன் ஆளே மாறிப்போனார். நோட்டில் குட்டிக்கு ஒரு பக்கம். 'நாள் 5: உள்ளே நான்கு, வெளியே ஒன்று. நல்ல முயற்சி.' 'நாள் 9: கதவுகிட்ட போய் நின்றான். மிக நன்று.' மிக நன்று. முப்பத்தேழு வருஷத்தில் ஒரு மனுஷப் பிறவிக்கும் எழுதாத வார்த்தை. ஒருநாள் நான் முந்தைய நோட்டுகளைத் தேடி என் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'நாள் 10: கவனம் போதாது. நாள் 11:' என்று இருந்தது. பதினோராம் நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. எழுதக்கூட லாயக்கில்லை என்று விட்டுவிட்டார் போல என்று நோட்டைத் தூக்கி எறிந்தேன்.

என் டிரைவிங் டெஸ்ட் வந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ரிவர்ஸ் எடுத்தேன், மேட்டில் நிறுத்தி எடுத்தேன். கடைசியில் ஒரு சந்தி. வழி காலியாக இருந்தது. பாதி போனதும் என் கால் தானாக நின்றுவிட்டது. யாரோ மிதிக்கப் போகிறார்கள், மிதித்துக்கொள்ளட்டும் என்று உடம்பு காத்திருந்தது. யாரும் மிதிக்கவில்லை. நடுச் சந்தியில் நின்றேன். பரிசோதகர் ஏன் நின்றீர்கள் என்று கேட்டார். ஃபெயில். என் டிரைவிங் ஆசிரியர், "உங்களுக்கு நல்லாவே ஓட்ட வருது. சந்தின்னு வந்தா மட்டும் வேற யாரோ பாத்துப்பாங்கன்னு விட்டுடுறீங்க. அந்தப் பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார். அடுத்த டெஸ்ட் மாதக் கடைசி வியாழக்கிழமை. அதுவும் போனால் அந்த வேலை போயே போச்சு.

உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். வந்தால், சோபா நனைந்து கிடக்கிறது. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய சோபா. அப்பா துணியால் துடைத்துக்கொண்டே குட்டியைப் பார்த்து, "பரவால்லடா கண்ணா. மெதுவா வரும். ஒண்ணும் அவசரமில்ல" என்கிறார்.

எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. கைப்பையை மேஜை மேல் வீசினேன்.

"இருபத்தாறு நாள் ஆச்சு. இன்னும் சோபாவுல போறான். உனக்கு வராதுன்னு அவன்கிட்ட ஒரு தடவையாவது சொன்னீங்களா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "குட்டிகிட்ட போய் யாராவது அப்படிச் சொல்வாங்களா?"

"என்கிட்ட சொன்னீங்க. பதினோரே நாள்ல சொன்னீங்க."

அதெல்லாம் எப்பவோ நடந்தது, இப்போது எதற்கு என்று முணுமுணுத்தார். "உங்களுக்கு எப்பவோ. எனக்கு இன்னைக்கு. டெஸ்ட்ல ஃபெயில் ஆயிட்டு வந்து நிக்கிறேன்" என்றேன். குட்டு உடைந்தது. இத்தனைக்கும் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று. சொன்னேன். "அவன்கிட்டயா? ரிவர்ஸ் எடுக்கவே அவனுக்கு மூணு மாசம் ஆச்சு" என்றார். அந்த ஆசிரியரும் ஒரு காலத்தில் இவரிடம் முட்டியில் வாங்கியவர்தானாம். எனக்கு வாயில் நன்றாக வந்தது. பெற்ற தகப்பன் என்று அடக்கிக்கொண்டேன். அறைக்குள் போய் வீடே அதிரக் கதவைச் சாத்தினேன். நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். அவரும் வந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுவார்.

அடுத்த ஞாயிறு நாய் டீச்சர் வந்தாள். அன்று சங்கிலி இல்லாமல் பின்பக்க முற்றத்தில் குட்டியை விட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். கேட் பூட்டியிருந்தது. குட்டி நாலு அடி நடந்தது, திரும்பி அப்பாவைப் பார்த்தது, நின்றது. இன்னும் நாலு அடி, மறுபடி அப்பாவைப் பார்த்தது, நின்றது. அவள் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். இரண்டு காலையும் ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னாள். குட்டி முற்றத்தின் நடுவில் போய் நின்றுகொண்டது. கூப்பிட்டால் வரவில்லை. எதிரே பந்தை உருட்டினால் போகவில்லை. அப்பாவின் கால் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நடுங்கிற்று.

"அங்கிள், இவன் தப்பான பக்கம் போனா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

ஒன்றும் பண்ணுவதில்லை, நீ சொன்ன மாதிரி அடிப்பதில்லை, கத்துவதில்லை என்றார் அப்பா. சத்தியம் பண்ணாத குறை. அவள் பந்தை எடுத்து வேண்டுமென்றே பூந்தொட்டிப் பக்கம் உருட்டி, அப்பாவை எழுந்து நிற்கச் சொன்னாள். குட்டி தொட்டியில் வாய் வைக்கப் போனது. அப்பாவின் வலது கால் தரையில் 'தொம்' என்று விழுந்தது. குட்டி கல் மாதிரி நின்றது. அப்பா தன் காலையே குனிந்து பார்த்தார். அதுவரை அவருக்கே தெரியாது.

நாய் டீச்சர் கோபப்படவில்லை. ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீங்க வாயால சொல்ற எதுவும் இவனுக்குப் போய்ச் சேரல அங்கிள். உங்க காலைத்தான் கேட்டிருக்கான். நிக்க மட்டும்தான் கத்துக்கிட்டான். உங்க கால் இல்லாத இடத்துல என்ன பண்ணணும்னு இவனுக்குத் தெரியல."

நான் டீத் தட்டோடு கதவருகில் நின்றிருந்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நானும் அப்படித்தான் நின்னேன்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க இறக்கவே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். நல்லா வேண்டும் என்றுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தார். நாளைதானே கடைசி வகுப்பு, நானும் வரட்டுமா, பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன், பேசமாட்டேன் என்றார். வராதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம் தோன்றியது, வரட்டுமே. நான் ஓட்டுவதை இந்த மனுஷர் ஒருமுறை பார்க்கட்டும்.

வியாழக்கிழமை நான் பாஸ் பண்ணினேன். வேனும் என் கைக்கு வந்துவிட்டது. நியூட்ரல் பெரும்பாலும் வெளியேதான் போகிறான், எப்போதாவது சோபா. அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது புதன்கிழமை சாயங்காலத்தைப் பற்றி.

ஆசிரியர் அப்பாவைப் பார்த்ததும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி விறைத்து நின்று, "வாங்க மாஸ்டர்" என்றார். நான் இவருடைய பெண் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏற இறங்க என்னைப் பார்த்தார். தனியே விட்டால் ஊளையிடும் என்பதால் குட்டியும் கூடவே வந்திருந்தது. அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். எந்தப் பக்கம் போகலாம் என்று ஆசிரியர் கேட்டார். தியேட்டர் நாற்சந்திக்குப் போகலாம் என்றேன். பின்னால் அப்பா குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டார்.

சந்தி வந்தது. வேகத்தைக் குறைத்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். இடது பக்கம் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. தூரத்தில்தான் இருந்தது. போகலாம் என்று எனக்குத் தெரிந்தது. போனேன். பாதியில், என் சீட்டுக்குப் பின்னால் அப்பாவின் கால் தரையில் இடித்தது. ஆனாலும் நான் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுக்கவில்லை. கார் சந்தியைத் தாண்டிவிட்டது. லாரி எங்களுக்குப் பின்னால் ரொம்ப நிதானமாகக் கடந்து போனது.

"ஓரமா நிறுத்து" என்றார் அப்பா.

அதே குரல். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத் திரும்பினேன். "இப்ப என்ன தப்பு பண்ணிட்டேன்?"

"ஒண்ணும் இல்ல." அவர் குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "அன்னைக்கும் ஒண்ணும் இல்லம்மா. லாரி இப்படித்தான் தூரத்துல வந்துச்சு. நீ சரியாத்தான் போன. நான்தான் பயந்து மிதிச்சுட்டேன். எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க, பின்னால வந்தவன் வேற சிரிச்சான். முப்பது பேருக்குச் சொல்லித்தர்றவன், பொண்ணு முன்னாடி அசிங்கமா போச்சு. அதான் தப்பை உன் மேல போட்டுட்டேன்."

ஆசிரியர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெஞ்சு இளகி அழுதேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. காலையில் இருட்டோடு கிளம்பி நின்ற பஸ் ஸ்டாப்புகள் ஞாபகம் வந்தன. காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையோடு மழையில் நின்றது ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு முடியாமல் போன கடைசி வருஷம், இவர் மாணவர்களோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம், நான் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வண்டி ஓட்டக் கத்துக்கிட்டிருந்தா இவ்வளவு கஷ்டம் இல்லையேடி என்று அம்மா ஒருநாள் மூச்சு வாங்கியபடி சொன்னாள். எனக்குத்தான் வராதேம்மா என்று சொன்னேன். அப்பா அதே அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கிறார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

"எதை?"

"இப்பச் சொன்னதை. இவருக்கும் நல்லாக் கேக்கணும்."

அப்பா ஆசிரியரின் பின்தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "நீ சரியாத்தான் ஓட்டின. தப்பு என் மேல."

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எழுபது வயது மனுஷர், மடியில் நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு, முன்னாள் மாணவன் எதிரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதும் அப்பா என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, முன்னால் திரும்பி வண்டியை எடுத்தேன்.